பூர்ணிமா தண்ணீருக்குள் பார்த்தது

மேக்னாவின் உடல் கொல்கத்தா டம்டம் விமான நிலையத்தின் சரக்கு வாசல் வழியாக வெளியே வந்தது. போகும்போது சிரித்துக்கொண்டே போனவள் திரும்பும்போது மரப்பெட்டியில் வந்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர் தப்பாக இருந்தது. அப்பா சுந்தரேசன் அதைப் பார்த்துவிட்டு, "இது என் பொண்ணு பேர் இல்ல, இது என் பொண்ணு இல்ல" என்று அங்கிருந்த ஊழியரிடம் இந்தியிலும் வங்காளத்திலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூத்த மகள் பூர்ணிமாவின் கணவன் ராகவ்தான் அவரைத் தோளோடு அணைத்து வண்டிக்குக் கூட்டிப் போனான். பூர்ணிமா தங்கையின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

கியோராதலா மின் மயானத்தில் அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது.

சுந்தரேசன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்காரர். இரண்டு பெண்களும் கொல்கத்தாவிலேயே பிறந்தவர்கள். பூர்ணிமாவுக்கும் மேக்னாவுக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா கிருஷ்ணம்மாள் சின்னவளைப் பெற்ற பிறகு ரொம்ப நாள் படுத்தே கிடந்ததால், அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதெல்லாம் பூர்ணிமாதான். மேக்னா டாலிகஞ்சில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் உதவியாளராக இருந்தாள். தமிழை வங்காளம் கலந்துதான் பேசுவாள். அக்காவை 'தீதி' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தமானில் ஒரு தீவுக்குப் போகலாம் என்று சொன்னவளும் அவள்தான். அடிப்பாகம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலின் தரை தெரியும். கூட வரும் கைடு ஆமைகள் மேயும் இடத்துக்குக் கூட்டிப் போவான். பிறகு முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஆமையைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அந்த வீடியோவை மேக்னா போனில் பல தடவை போட்டுக் காட்டினாள். போன மேக்னா, பூர்ணிமா, ராகவ் மூன்று பேருக்குமே நீச்சல் தெரியாது. நீச்சல் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

காரியம் முடியும்வரை சுந்தரேசனின் லேக் கார்டன்ஸ் வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ராகவ்தான் நடந்ததைச் சொன்னான்.

"லைஃப் ஜாக்கெட் பத்தல மாமா. எனக்கும் பூர்ணிமாவுக்கும் குடுத்தான். மேக்னாகிட்ட, உனக்கு வேண்டாம், தண்ணி கம்மிதான்னு சொல்லிட்டான் அந்த கைடு. போட் கவுந்துடுச்சு. நான் குதிச்சு அவ கையைப் புடிச்சேன். புடிச்ச கை நழுவிடுச்சு."

அந்த இடத்தில் அவன் குரல் உடையும். எதிர் ஃபிளாட் சாட்டர்ஜி மாஷிமா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். கிருஷ்ணம்மாள் தன் துக்கத்தையும் மீறி, "நீங்களாவது ரெண்டு வாய் சாப்பிடுங்க மாப்பிள்ளை. அவளுக்காக உசுர விடப் பாத்தவரு நீங்க" என்று தட்டில் போட்டு வைத்தாள்.

பூர்ணிமா உள் அறையில் மேக்னாவின் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் தெளிவாகிக்கொண்டே வந்தது. அவள் பார்த்தது வேறு.

அன்று காலை காற்றே இல்லை. தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. பிஜன் மண்டல் என்ற கைடும் மேக்னாவும் ஒரு படகில். ராகவும் பூர்ணிமாவும் இன்னொன்றில். மூன்று பேருக்கும் ஜாக்கெட் இருந்தது. மேக்னாவுடையது மட்டும் அவள் உடம்புக்கு ரொம்பப் பெரிது. பிஜன் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல சின்னது கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. நீங்க தண்ணில இறங்க வேண்டாம், படகிலேர்ந்தே பாருங்க" என்று வங்காளத்தில் சொன்னான். மேக்னா சரி என்றாள்.

கடல்புல் படர்ந்த இடத்துக்கு வந்ததும் படகின் அடியில் முதல் ஆமை தெரிந்தது. பெரிய ஆமை. புல்லை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. "தீதி, தேக், தேக்! பாரு!" என்று மேக்னா துடுப்பால் தண்ணீரைத் தட்டிக் கூவினாள்.

பிஜன் இரண்டு படகையும் ஒரு மிதவையில் கட்டினான். ஒவ்வொருவராகத்தான் கூட்டிப்போவேன் என்றான். பூர்ணிமாவை முதலில் இறக்கி, ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துக்கொண்டு நீந்தினான். போவதற்கு முன்னால் ராகவைப் பார்த்து, "அண்ணா, ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க, எழுந்து நிக்காதீங்க" என்றான். ராகவ் அதற்குள் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். கழுத்தில் உறுத்துகிறது என்றான். வீடியோ நன்றாக வர வேண்டும் என்று அவன் மேக்னாவின் படகுக்கு மாறி உட்கார்ந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டுப் பிஜன் திரும்பினான். படகு கவிழ்ந்து கிடந்தது. "வளையத்தை விடாதீங்க" என்று பூர்ணிமாவிடம் கத்திவிட்டு அவன் அந்தப் பக்கம் நீந்தினான். பயத்தில் அவள் முகம் தண்ணீருக்குள் போனது. முகமூடி வழியாக எல்லாம் தெரிந்தது. அந்தக் கடல் அவ்வளவு தெளிவு.

ராகவ் மேக்னாவின் மேல் ஏறிக்கொண்டிருந்தான். அவன் முழங்கால் அவள் தோளில் இருந்தது. இரண்டு கையாலும் அவள் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து இழுத்தான். தொளதொள ஜாக்கெட் அவள் தலை வழியாகக் கழன்று அவன் கைக்குப் போனது. மேக்னா கீழே போனாள். அவன் கால் அவள் தலையில் பட்டது. மறுபடியும் பட்டது.

பிஜன் போய்ச் சேர்ந்தபோது ராகவ் அவன் கழுத்தையும் கட்டிக்கொண்டான். அவனைப் பிரித்தெடுத்துக் கவிழ்ந்த படகின் மேல் போட்டுவிட்டுத்தான் பிஜனால் மேக்னாவைத் தேடி முங்க முடிந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

கரையில் பூர்ணிமாவுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் ராகவ் சொன்னதை இந்தியில் படித்துக் காட்டி, "இப்படித்தானே மேடம்?" என்றார். அவள் தலை அசைந்தது. ஆமென்றா இல்லையென்றா என்று அவளுக்கே தெரியவில்லை. பிஜனைக் கைது செய்தார்கள். சுந்தரேசன் தன் பழைய துறைமுகத் தொடர்புகளையெல்லாம் பிடித்து, போர்ட் பிளேரில் தெரிந்தவர்களிடம் பேசி, வழக்கைக் கடுமையான பிரிவுக்கு மாற்ற வைத்தார். பிஜனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அந்த ஒரு காரியம்தான் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்திருந்தது.

பூர்ணிமா டாலிகஞ்சில் தன் வீட்டுக்குப் போகாமல் அம்மாவோடு இருந்துவிட்டாள். ராகவ் தினமும் அலுவலகம் முடிந்து வந்து, மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். அவன் வந்தால் அவள் குளியலறைக்குள் போய்விடுவாள். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை வாசல் மணி அடித்தது. வாசலில் நைலக்ஸ் புடவை கட்டிய ஒரு மெலிந்த பெண் நின்றாள். பேர் ஷெஃபாலி என்றாள். பிஜன் மண்டலின் மனைவி. அந்தமானிலிருந்து கப்பலில் கிதிர்பூர் துறைமுகம் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்திருந்தாள். கப்பல் பயணத்தில் அவள் உதடுகள் வெடித்திருந்தன.

சுந்தரேசன் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "எதுக்கு வந்த? என் பொண்ண முழுங்கினவன் பொண்டாட்டிக்கு என் வாசல்ல என்ன வேலை?" என்று வங்காளத்தில் கத்தினார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் பாபா. பொண்ணு போன வீடு. நான் சண்டைக்கு வரல." அவள் கைகளைக் கூப்பியபடியே நின்றாள். "அவர் ஜெயில்ல சாப்பிடறதில்ல. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. ஜாக்கெட்டு நான் மாட்டிவிட்டேன், பெரிய தீதி பாத்தாங்க. தண்ணிக்குள்ள நடந்ததையும் அவங்க பாத்திருப்பாங்க. அவங்ககிட்ட ஒரு தரம் கேளுன்னு சொன்னாரு. நீங்க சொல்றதுதான் சரின்னு அவங்க சொன்னா நான் போயிடறேன்."

சுந்தரேசனுக்குப் பின்னால் பூர்ணிமா வந்து நின்றிருந்தாள். ஷெஃபாலி அவளைப் பார்த்தாள். பூர்ணிமா வாயைத் திறந்தாள். அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

பால்கனியிலிருந்து பூர்ணிமா பார்த்தாள். அந்தப் பெண் ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போய், பாதி வழியில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பூர்ணிமா செருப்பு மாட்டாமலே படியிறங்கி ஓடினாள்.

"அவர் சொன்னது நிஜம்" என்றாள் ஷெஃபாலியிடம். "நான் சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஷெஃபாலி நன்றி சொல்லவில்லை. "இவ்வளவு நாள் ஏன் சொல்லல தீதி?" என்று மட்டும் கேட்டாள். பூர்ணிமா அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே ஆட்டோ பிடித்து டாலிகஞ்சுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராகவ் வீட்டில் இருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? உக்காரு, டீ போடறேன்" என்று எழுந்தான்.

"ராகவ், நான் பாத்தேன்" என்றாள்.

அவன் அப்படியே நின்றான். என்ன பார்த்தாய் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல பூர்ணி. மூக்குல தண்ணி போச்சு. அப்புறம் போட் மேல கிடந்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

"கையில அவ ஜாக்கெட் இருந்துதே."

"அது எப்படி வந்துதுன்னு தெரியாது."

"தெரியாதுன்னா போலீஸ்கிட்ட தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. அவளுக்கு ஜாக்கெட்டே குடுக்கலன்னு ஏன் சொன்ன?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப நான் செத்துப் போயிருந்தா உனக்குச் சம்மதமா?" என்றான்.

"தண்ணியில நீ பண்ணினதப் பத்தி நான் கேக்கவே இல்ல. அங்க நான் இருந்தாலும் என்ன பண்ணியிருப்பேனோ எனக்குத் தெரியாது. கரைக்கு வந்தப்புறம் உனக்கு மூச்சு வந்துடுச்சு. நிதானமா யோசிச்சிருக்க. அவளுக்கு வாயில ஊதிக்கிட்டிருந்தவன் மேலயே பழியப் போட்டிருக்க."

"மூணு பேருக்கு ஒரு ஆளை அனுப்பினாங்க. அது தப்பு இல்லையா? பெரிய ஜாக்கெட்டக் குடுத்தாங்க. அது தப்பு இல்லையா?"

"தப்புதான். அதைச் சொல்லு. அதையே போய்ச் சொல்லு. நீ சொன்னது அது இல்லையே."

அவன் அழுதான். அவள் கால் பக்கம் வந்து உட்கார்ந்து, "உங்கப்பா மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? எங்க வீட்ல என்ன சொல்லுவேன்? விட்டுடு பூர்ணி. அவனுக்கு எப்படியும் கொஞ்ச நாள்ல ஜாமீன் கிடைச்சுடும்" என்றான். ஏழு வருடம் கூட வாழ்ந்த மனிதன். காய்ச்சல் வந்தால் அவள் நெற்றியில் துணி நனைத்துப் போட்டவன். அவன் முதுகில் கை வைக்க வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. வைக்கவில்லை.

அன்றே லேக் கார்டன்ஸ் திரும்பி அப்பா அம்மா இருவரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். ராகவ் ஜாக்கெட்டை இழுத்தது வரைதான் வந்திருந்தாள்.

"வாய மூடுடி" என்றாள் கிருஷ்ணம்மாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "எதுக்குடி சொன்ன? இத எதுக்கு எங்கிட்ட சொன்ன? அவ கையைப் புடிச்சிக்கிட்டு ஒருத்தர் இருந்தாருன்னு நெனச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடறேன்."

சுந்தரேசன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "சரி, நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஒரு பொண்ணு போயிட்டா. இன்னொரு பொண்ணு புருஷன ஜெயிலுக்கு அனுப்பப் போறாளா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? நான் எத்தனை பேர்கிட்ட அந்த கைடப் பத்திப் பேசியிருக்கேன் தெரியுமா?"

"பிஜன் உள்ள இருக்கான் அப்பா. அவன்தான் அவள மேல கொண்டு வந்தான். டாக்டர் போதும்னு சொன்னப்புறமும் அவன் ஊதறத நிறுத்தல. ரெண்டு பேரு சேர்ந்து இழுத்துத்தான் நிறுத்தினாங்க. உங்களுக்குக் கேஸ் போடணும்னா அந்தக் கம்பெனி மேல போடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

"எனக்கு யார் மேலயாவது கோவப்படணும்" என்றார் சுந்தரேசன். முகத்தைத் திருப்பவில்லை. "இவன் மேல கோவப்படக் கூடாதுன்னா வேற யாரு மேல படறது? சொல்லு. மாப்பிள்ளை மேலயா? நேத்துக்கூட எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தான்."

அவள் போவதை அவர் தடுக்கவில்லை. போகச் சொல்லவுமில்லை.

பூர்ணிமா தனியாகப் போர்ட் பிளேர் போனாள். விமானம் கீழே இறங்கும்போது ஜன்னல் வழியாக அந்தப் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நீதிபதி முன்னால் பார்த்ததை முழுக்கச் சொன்னாள். எல்லாம் எழுதி முடித்ததும், "உங்கள் கணவரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பது புரிகிறதா?" என்று நீதிபதி கேட்டார். புரிகிறது என்றாள். சிறையில் பிஜனைப் பார்க்க அனுமதி கேட்டாள். அவன் பார்க்க விரும்பவில்லை என்று தகவல் வந்தது.

கடுமையான பிரிவை எடுத்துவிட்டார்கள். பிஜன் ஜாமீனில் வெளியே வந்தான். அஜாக்கிரதை வழக்கு அவன் மேலும் கம்பெனி மேலும் இன்னும் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சீசனில் அதே படகுகளோடு அதே கரையில் கடை போட்டார்கள். பிஜனுக்கு எங்கும் கைடு வேலை கொடுக்கவில்லை. பாக்குத் தோப்பில் கூலிக்குப் போகிறான் என்று ஷெஃபாலி போனில் சொன்னாள். கடல் பக்கமே வருவதில்லையாம்.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக ராகவுக்குச் சம்மன் வந்தது. அவன் ஜாம்ஷெட்பூரில் இருக்கும் தன் பெற்றோரிடம் போய்விட்டான். விவாகரத்து வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. போகும் முன்பு ஒரு தடவை போன் செய்தான். "தூங்கும்போது காலுக்கு அடியில ஏதோ இருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இவளும் திரும்பக் கூப்பிடவில்லை.

அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பூர்ணிமா ஹவுராவில், தான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். மழைக்காலம் முழுக்க அந்த அறையின் சுவர் ஈரமாகவே இருந்தது. துர்கா பூஜை விடுமுறைக்கு ஊரே விளக்கு போட்டுக்கொண்டது. அவள் ஜன்னலைச் சாத்தி வைத்தாள். அம்மாவிடமிருந்து போன்கூட இல்லை.

காளி பூஜை கழிந்து ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மாள் நின்றாள். அவள் தனியாக ஹூக்ளி ஆற்றைத் தாண்டி வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். ஃபெரியில் ஏறப் பயந்து, பஸ்ஸில் பாலத்தைச் சுற்றி வந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

பூர்ணிமா தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாது நான் வந்தது" என்றாள். பிறகு, "அன்னிக்குப் பாதியிலயே உன்ன வாய மூடச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து நானா எதை எதையோ நெனச்சுக்கறேன். நெனைக்கறது அதைவிட மோசமா இருக்கு. நீ பாத்தத சொல்லு. எதையும் விடாம சொல்லு."

பூர்ணிமா சொன்னாள். கரையில் ஜாக்கெட் மாட்டியதிலிருந்து தொடங்கினாள். ஆமையைப் பார்த்து மேக்னா கூவியதைச் சொன்னபோது அம்மாவின் உதடு லேசாக விரிந்தது. அதற்குப் பின் அசையாமல் கேட்டாள்.

"அவ கத்தினாளா? என்னக் கூப்பிட்டாளா?"

"தண்ணிக்குள்ள இருந்தாம்மா. சத்தம் கேக்காது."

"அவன்னு அவளுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கும். கண்ணு திறந்துதான் இருந்துது."

"அவன உதறித் தள்ளலையா அவ?"

பூர்ணிமா யோசித்தாள். இந்தக் கேள்விக்கு அம்மாவுக்கு இதமாக ஒரு பதில் சொல்லிவிடலாம். கேட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடலாம்.

"அவன் இடுப்புல அவ கை இருந்துதும்மா. தள்ளி விடப் பாத்தாளா, மேல தூக்கி விடப் பாத்தாளா, எனக்குத் தெரியல. நெஜமாவே தெரியல."

கிருஷ்ணம்மாள் தலையை ஆட்டினாள். எழுந்து போவாள் என்று பூர்ணிமா நினைத்தாள். போகவில்லை. கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா டம்ளரை எடுத்துப் பாதித் தண்ணீர் குடித்துவிட்டு, கால்களை மடக்கிக் கட்டிலில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

பூர்ணிமா மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.